எத்தனை லிட்டர் என்பது பாதிக் கேள்விதான்

மாடு வாங்க வருபவர் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதைத்தான். விற்பவர் சொல்லும் பதில், கன்று ஈன்று ஒன்றரை மாதம் ஆன நிலையில், நல்ல தீவனத்தில், இரண்டு வேளையும் சேர்த்துக் கறந்த உச்ச அளவாக இருக்கும். சீமை மாடு உசத்தியா, உள்ளூர் மாடு உசத்தியா என்ற வழக்கும் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணை வைத்தே நடக்கிறது. உச்சக் கறவை என்பது வருஷத்தில் முப்பது நாற்பது நாளின் கணக்கு. பண்ணைக்காரர் தீவனம் போடுவதோ முந்நூற்று அறுபத்தைந்து நாளும். சினை ஊசி போடுவதும் வைத்தியம் பார்ப்பதும் தீவனக் கணக்குச் சொல்வதுமாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் இடைப்பட்ட எல்லா நாளையும் கணக்கில் எடுத்து, தீவனச் செலவு, மருந்துச் செலவு, சாவு நட்டம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், தமிழகச் சமவெளியில் ஐந்தாறு மாடு வைத்திருக்கும் விவசாயிக்கு அதிகம் மிஞ்சுவது தூய சீமை மாட்டில் அல்ல. லாரியில் ஏற்றி வந்த உயர்கறவை மாட்டிலும் அல்ல. பாதி அல்லது பாதிக்குச் சற்று மேல் சீமை ரத்தம் கொண்டு, இந்த வெயிலில் பிறந்து, இந்தப் புல்லையும் வைக்கோலையும் தின்று வளர்ந்த கலப்பினக் கிடேரியில்தான்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். காங்கயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்று நம் மண்ணின் திமில் உள்ள இனங்கள் ஒரு பக்கம். ஐரோப்பாவில் உருவான ஜெர்சி, ஹோல்ஸ்டீன் பிரீசியன் (ஊரில் எல்லோரும் ஹெச்.எஃப். என்பார்கள்) போன்ற திமில் இல்லாத இனங்கள் மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் பிறந்தது கலப்பினம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் சுமார் 95 லட்சம் மாடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி கலப்பினமே. இறக்குமதி என்றால் கப்பலிலோ விமானத்திலோ மாடு வந்து இறங்குவது மட்டுமல்ல. இன்று சீமை ரத்தம் பெரும்பாலும் திரவ நைட்ரஜன் குடுவைக்குள் உறைவிந்தாகத்தான் ஊருக்குள் வருகிறது. கர்நாடகத்தின் சிந்தாமணிச் சந்தையிலிருந்தும் அதற்கும் வடக்கேயிருந்தும் வாங்கி வரப்படும் உயர்கறவை மாடுகளையும் நான் இறக்குமதியாகவே கருதுகிறேன். நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை என்றாலும், ஓர் உடல் பழகிய தட்பவெப்பத்தையும் தீவனத்தையும் உண்ணியையும் விட்டு வேறோர் இடத்துக்கு வந்திருக்கிறது. ஒப்பீட்டில் முடிவு செய்யும் விஷயம் அதுதான்.

சீமை ரத்தத்தின் பக்கம் இருக்கும் வலுவான சான்றை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒன்றிய அரசின் 2022-23 புள்ளிவிவரப்படி, கறவையில் உள்ள சீமை மற்றும் கலப்பின மாடு ஒன்று நாளொன்றுக்குச் சராசரியாக 8.55 கிலோ பால் தருகிறது. நாட்டுமாடும் இனம் பிரிக்க முடியாத மாடும் 3.44 கிலோ. இரண்டரை மடங்கு வித்தியாசம். கலப்பினம் இந்த நாட்டின் பால் உற்பத்தியைத் தூக்கி நிறுத்தியது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 'கறவையில் உள்ள' என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். வற்றி நிற்கும் மாடும், நாலு ஊசி போட்டும் சினை நிற்காத மாடும், ஈனும் முன்பே செத்த மாடும் இந்தச் சராசரிக்குள் வருவதில்லை. மேலும் சீமை மாட்டையும் கலப்பினத்தையும் ஒரே கூடையில் போட்டுவிட்டதால், பாதி ரத்தக்காரிக்கும் முழு ரத்தக்காரிக்கும் என்ன வேறுபாடு என்பதை இந்த எண்ணிலிருந்து அறிய வழியில்லை. விவசாயிக்குத் தெரிய வேண்டியதோ அதுதான்.

ஆகவே வேறொரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சக் கறவையை இருநூறால் பெருக்கினால் ஓர் ஈத்தின் மொத்தப் பால் ஏறக்குறைய வந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் வாய்ப்பாடு. இருபது லிட்டர் உச்சம் கறக்கும் ஹெச்.எஃப். மாடு ஒன்று, ஓர் ஈத்துக்கு 4,000 லிட்டர். சினை நிற்கத் தாமதமாகி அடுத்த கன்றுக்கு 540 நாள் ஆகிறது என்று கொள்வோம். கோடையில் இது அபூர்வமே இல்லை. நாளுக்கு 7.4 லிட்டர். பதினாலு லிட்டர் உச்சம் கறக்கும் ஜெர்சிக் கலப்பினம் ஓர் ஈத்துக்கு 2,800 லிட்டர். காலத்தில் சினை பிடித்து 400 நாளில் மறுபடி ஈனுகிறது. நாளுக்கு 7 லிட்டர். ஆறு லிட்டர் வித்தியாசம் என்று சந்தையில் பேசப்பட்டது, தொழுவத்தில் அரை லிட்டராகக்கூட நிற்கவில்லை. முன்னதன் உடல் எடை 500 கிலோ, பின்னதன் எடை 350 கிலோ என்றால், பால் ஒரு சொட்டும் தராமல் உயிரோடு நிற்பதற்கு மட்டும் பெரிய மாட்டுக்கு முப்பது சதவீதம் அதிகத் தீவனம் வேண்டும். கொழுப்புச் சத்தும் இதர சத்தும் பார்த்து விலை போடும் சொசைட்டியில் ஜெர்சிப் பாலுக்கு லிட்டருக்குச் சற்று அதிகமும் கிடைக்கும். அதே காலத்தில் சின்ன மாடு அதிகக் கன்றும் ஈனும். சினை நிற்காத மாடு நீண்ட நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்துகொண்டே இருக்கும் என்பது உண்மை. அதைச் சேர்த்தால் பெரிய மாட்டின் கணக்கு ஓரளவு உயரும். ஆனால் அந்தக் கடைசி மாதங்களின் மூன்று நாலு லிட்டர், தின்னும் தீவனத்துக்கே சரியாகப் போய்விடும்.

540 நாள் என்று ஏன் ஆகிறது? முதல் காரணம் வெயில். ஹெச்.எஃப். மாட்டின் உடல் 25 டிகிரி வரைதான் சிரமமில்லாமல் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் உடலில் ஊறும் சூட்டை வெளியே தள்ளுவதே அதற்கு ஒரு வேலையாகிவிடும். பால் சுரப்பதே சூடு பிறக்கும் வேலை. அசைபோடும் வயிற்றில் தீவனம் நொதிப்பதும் அப்படித்தான். அதிகம் கறக்கும் மாட்டுக்கு அதிகச் சூடு. சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கொட்டகையில் நின்று மாட்டின் விலாவை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால் போதும். நிழலில் அமைதியாக நிற்கும் மாட்டுக்கு மூச்சு முப்பது நாற்பதுக்குள் இருக்கும். அறுபதைத் தாண்டினால் மாடு வெப்பத்தோடு போராடுகிறது. தொண்ணூறுக்கு மேல் போய், கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, எச்சில் நூலாக ஒழுக நின்றால், அன்று அது தீவனத்தைத் தொடாது. சாயங்காலப் பால் குறைவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நட்டம் கருப்பையில் நடக்கிறது: பருவ அறிகுறி மங்கிப்போகிறது, இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் காட்டி மறைகிறது, ஊசி போட்டு உருவான கருவும் முதல் வாரத்துச் சூட்டில் கலைகிறது. பங்குனியில் ஆரம்பித்து ஆவணி வரை சினை நிற்காத மாடு, அப்படித்தான் ஆறு மாதத்தை விழுங்குகிறது.

திமில் உள்ள மாட்டுக்கு இந்தச் சிரமம் குறைவு. வியர்வைச் சுரப்பிகள் அதிகம், பெரியவை, மயிர் குட்டை, தொங்கும் அலைதாடியும் தளர்ந்த தோலும் சூட்டை வெளியேற்ற உதவுகின்றன, எல்லாவற்றையும்விட, உடலில் பிறக்கும் சூடே குறைவு. பாதி நாட்டு ரத்தம் உள்ள கலப்பினத்துக்கு இந்தக் குணங்களில் கணிசமான பங்கு வந்துவிடுகிறது. தமிழக இனவிருத்திக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சியையும் மலைப்பகுதிக்கு ஹெச்.எஃப்.ஐயும் முதன்மையாக வைத்ததற்குப் பின்னால் இருந்த யோசனையும் இதுதான். சிறிய உடல், அடர்ந்த பால், வெயிலில் சற்றுத் தாங்கும் குணம் என்பதால் ஜெர்சி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஊட்டியில் ஹெச்.எஃப். நன்றாகக் கறக்கிறது என்றால் அங்கே ஆண்டு முழுதும் குளிர் இருக்கிறது. அதே மாட்டை ஊத்தங்கரைக்கு இறக்கிவிட்டு அதே பாலை எதிர்பார்ப்பது மாட்டின் குற்றம் ஆகாது.

இரண்டாவது காரணம் உண்ணியும் அது கொண்டுவரும் நோயும். தைலேரியா, பபேசியா, அனாபிளாஸ்மா என்ற மூன்று ரத்த நோய்களும் உண்ணியால் பரவுபவை. காய்ச்சல், நிணநீர்க் கட்டி வீக்கம், வெளுத்த கண் சவ்வு, காப்பி நிறத்தில் சிறுநீர் என்று வகைக்கு ஒன்றாக அறிகுறி தெரிந்து, பார்ப்பதற்குள் ரத்தம் வற்றிவிடும். உண்ணி உள்ள ஊரில் பிறந்த கன்று சின்ன வயதிலேயே, தாயின் சீம்பாலில் வந்த பாதுகாப்பு இருக்கும்போதே, லேசாகத் தொற்றி எழுந்து, பிறகு ஆயுளில் பெரும்பகுதி அந்த நோயைத் தாங்கிக்கொள்கிறது. உண்ணி குறைவான சுத்தமான பண்ணையில் வளர்ந்த மாட்டுக்கு அந்தப் பயிற்சி கிடையாது. நிறைசினையாகவோ கன்று ஈன்ற கையோடோ வண்டியேற்றி, பயணக் களைப்போடு இறக்கியதும், முதல் தொற்று அதன் வாழ்க்கையின் மிகப் பலவீனமான வாரத்தில் வருகிறது. வாங்கிய மாடு வந்த இரண்டாம் மாதமே விழுந்துவிட்டது என்ற புகார்களில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இதுதான். திருஷ்டியோ விற்றவரின் வஞ்சகமோ அல்ல. கோமாரியிலும் இதே வேறுபாடு தெரியும். வாய்ப்புண்ணும் குளம்புப் புண்ணும் ஆறிய பிறகும் சீமை ரத்தம் கூடிய மாடு மாதக் கணக்கில் வெயிலில் இரைத்துக்கொண்டே நிற்கும். மயிர் வளர்ந்து சொரசொரக்கும். பால் பழைய அளவுக்குத் திரும்பாது. நாட்டுமாடு பெரும்பாலும் சில வாரத்தில் மேய்ச்சலுக்குப் போய்விடும்.

மூன்றாவது, தீவனம். மரபணு என்பது ஒரு திறனைத்தான் தருகிறது. அந்தத் திறனைப் பாலாக மாற்றுவது தொட்டியில் விழுவது. இருபது லிட்டர் கறக்கும் மாட்டுக்கு, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் எட்டு கிலோவும், உடலுக்காக ஒன்றரை கிலோவும் அடர்தீவனம் வேண்டும். அதைச் செரிக்க அதே அளவுக்கு நல்ல பசும்புல்லும் நார்ச்சத்தும் வேண்டும். கோடையில் எண்பது நூறு லிட்டர் தண்ணீர் வேண்டும். நம் வழக்கத்தில் அடித்தளம் நெல் வைக்கோல். அதில் புரதம் மூன்று நாலு சதவீதம்தான். அரை ஏக்கரில் கம்பு நேப்பியர் வைத்திருப்பவருக்கே பங்குனிக்குப் பிறகு கிணற்றில் தண்ணீர் இருந்தால்தான் புல். இந்த இடைவெளியை நிரப்ப விவசாயி என்ன செய்கிறார் என்பது எங்கள் வைத்தியப் பையில் தெரியும். அரிசியை வேகவைத்துப் போடுவார். மீந்த சோற்றையும் பொங்கலையும் கொட்டுவார். வயிறு புளித்து, மாடு படுத்து, குளம்பு வலித்து நொண்டும். அல்லது போதாத தீவனத்தில் முதல் இரண்டு மாதம் தன் உடம்பைக் கரைத்தே பால் கொடுத்து, விலா எலும்பு தெரிய மெலிந்து, பருவத்துக்கே வராமல் நிற்கும். பத்துப் பன்னிரண்டு லிட்டருக்கு உருவான மாட்டுக்கு வீட்டுத் தீவனமும் கொஞ்சம் கடைத் தீவனமும் ஏறக்குறைய ஈடுகொடுத்துவிடும். இருபத்தைந்து லிட்டருக்கு உருவானதை அதே தொட்டியில் கட்டினால் அதுவும் பன்னிரண்டுக்கு வந்து நிற்கும். ஆனால் நோயாளியாக வந்து நிற்கும்.

இது தமிழகத்தில் மட்டும் கண்ட விஷயம் அல்ல. கன்னிங்ஹாம், சிர்ஸ்டாட் என்ற இரு மரபியல் அறிஞர்கள் வெப்பமண்டல நாடுகளின் கலப்பின ஆய்வுகளைத் திரட்டி 1987-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். சீமை ரத்தம் பாதியாகும் வரை பால் நேராக ஏறுகிறது. முதல் ஈத்து வயது குறைகிறது. ஈத்து இடைவெளியும் குறைகிறது. பாதியைத் தாண்டினால் பாலில் பெரிய லாபம் இல்லை; ஈத்து இடைவெளி மறுபடி நீளத் தொடங்குகிறது. இந்திய ராணுவப் பண்ணைகளில் உருவான ஃப்ரீஸ்வால் மாட்டில் எட்டில் ஐந்து பங்கு ஹெச்.எஃப்., மூன்று பங்கு திமில் இனமான சாகிவால். பிரேசிலில் 1996-இல் இனமாக அங்கீகரிக்கப்பட்ட கிரோலாந்தோவிலும் எட்டில் ஐந்து பங்கு ஹெச்.எஃப்., மூன்று பங்கு நம் கிர். இரு கண்டங்களில் தனித்தனியாகப் போனவர்கள் ஒரே விகிதத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். கேரளத்தில் 1963-இல் மாட்டுப்பெட்டியில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய திட்டம், பிரவுன் சுவிஸ் காளைகளை ஊர் மாடுகளோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பதிவெடுத்துத் தேர்ந்து, சுனந்தினியை உருவாக்கியது. உலகெங்கும் கறவை மாடு ஏற்றுமதி செய்யும் ஆஸ்திரேலியாவே, தன் வெப்பமான வடபகுதிக்கு என்று வந்தபோது, 1950-களில் சாகிவாலும் சிவப்புச் சிந்தியும் வரவழைத்து ஜெர்சியோடு கலந்து, வெயில் தாங்கும் தன்மையையும் உண்ணி எதிர்ப்பையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. விற்கிறவன் தன் வீட்டு வெயிலுக்கு எதை வைத்துக்கொண்டான் என்பது வாங்குகிறவன் கவனிக்க வேண்டிய செய்தி.

இலங்கை இதைக் கவனிக்காமல் சூடுபட்டது. பால்மா இறக்குமதியைக் குறைக்கும் நோக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவை மாடுகளைத் தருவிக்கத் திட்டமிட்டு, 2017-இல் முதல் தவணையாகச் சுமார் 5,000 மாடுகள் தனியார் பண்ணையாளர்களுக்குத் தரப்பட்டன. நோயும் சாவும் சினை நிற்காமையும் சேர்ந்து, எதிர்பார்த்த பால் வராமல், கடன் வாங்கியவர்கள் தவித்தார்கள்; திட்டம் அந்தத் தவணையோடு நின்றது. அதே தீவின் மலையகத்தில், நுவரெலியாவின் குளிரில், ஐரோப்பிய இனங்கள் நெடுங்காலமாகக் கறந்துகொண்டிருக்கின்றன. இனம் கெட்டதல்ல, இடம்தான் பொருந்தவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி மறுப்புகள். இஸ்ரேலைப் பார், பாலைவனத்தில் ஹெச்.எஃப். மாடு ஆண்டுக்குப் பதினோராயிரம் லிட்டருக்கு மேல் கறக்கிறது என்பார்கள். உண்மைதான். அங்கே கோடைக் காற்று பல இடங்களில் வறண்டது. மாட்டை நனைத்து மின்விசிறி போட்டால் ஈரம் உடனே ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் காற்றே ஈரத்தில் ஊறியிருக்கிறது. அதே விசிறி, அதே தண்ணீர், பாதிப் பலன்தான். நாள் முழுதும் தடையில்லாத மின்சாரமும், வருஷம் முழுவதும் ஒரே தரத்தில் கலந்து வைக்கும் தீவனமும் அந்தப் பாலுக்குள் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. இன்றைய இஸ்ரேலிய மாடு நேற்று இறக்குமதியானதல்ல. அந்நிலத்து மாடுகளோடும் டமாஸ்கஸ் மாடுகளோடும் டச்சுக் காளைகளைச் சேர்த்துத் தொடங்கி, பிறகு அமெரிக்க ரத்தம் ஏற்றி, ஒவ்வொரு மாட்டின் பாலையும் பதிவு செய்து, மகள்களின் கறவையை வைத்துக் காளையைத் தேர்ந்து, பல பத்தாண்டுகளில் அங்கேயே உருவானது. ரத்தம் வெளியிலிருந்து வந்தது. தேர்வு உள்ளூரில் நடந்தது. ஆக அந்த எடுத்துக்காட்டு என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது.

எதிர்த் திசையிலிருந்து வரும் மறுப்பு இன்னும் உணர்ச்சிகரமானது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, கலப்பினமே வேண்டாம், நாட்டுமாட்டுக்குத் திரும்புவோம் என்ற குரல் வலுத்திருக்கிறது. அதில் நியாயம் உண்டு. காங்கயத்தின் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வேலங்காயும் தின்று, வாங்கிய தீவனம் ஏதும் இல்லாமல் நிற்கும் மாட்டுக்குச் செலவே இல்லை. ஆனால் காங்கயமும் உம்பளாச்சேரியும் பாலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்கள் அல்ல. ஒன்று செம்மண் காட்டின் ஏருக்கும் வண்டிக்கும், மற்றது டெல்டாச் சேற்றின் உழவுக்கும் என்று தலைமுறை தலைமுறையாக உருவானவை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தின் விவரப்படி காங்கயத்தின் ஓர் ஈத்துக் கறவை சராசரி 540 கிலோ, உம்பளாச்சேரி 494. பாலுக்குப் பெயர்போன கிர் 2,110, சாகிவால் 2,326. பால் ஊற்றிப் பிழைக்க வேண்டிய குடும்பத்திடம் 540 கிலோவோடு வாழு என்று சொல்ல எனக்கு மனம் வராது. நாட்டுப் பால் ஏ2, அதனால் உயர்ந்தது என்ற வாதமும் எழுகிறது. திமில் மாடுகளில் ஏ2 வகைப் புரதம் அதிகம் என்பது சரி. ஏ1 பால் நோய் தரும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் ஆராய்ந்து சொன்னது. நகரத்தில் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருந்தால் விற்கலாம். அதை நம்பி ஒரு மாநிலத்தின் மாட்டுக் கொள்கையை மாற்ற முடியாது. நாட்டினங்கள் அழியாமல் காக்கப்பட வேண்டும். வெயில் தாங்கும் மரபு அவற்றிடம்தான் இருக்கிறது. அவை போனால் கலப்பினத்துக்கும் பாதி மூலதனம் போய்விடும். பிரேசில் நம் கிர் மாட்டை எடுத்துச் சென்று பால் பதிவும் மகள் தேர்வும் செய்து அதிகம் கறக்கும் இனமாக்கியது. நாம் வைத்த இடத்திலேயே வைத்திருந்தோம். நாட்டுமாட்டுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அந்தத் தேர்வுதான்.

மூன்றாவது மறுப்பு பெரிய பண்ணைக்காரர்களுடையது. நூறு மாடு, பத்து ஏக்கர் தீவனச் சோளம், உயர்ந்த கூரை, தண்ணீர்த் தெளிப்பான், சம்பளத்துக்கு மருத்துவர் என்று வைத்திருப்பவர், எங்களுக்கு ஹெச்.எஃப். லாபமாகத்தானே இருக்கிறது என்று கேட்பார். இருக்கும். ஓசூர் போன்ற உயரமான, இரவில் குளிரும் பகுதிகளில் இன்னும் நன்றாக இருக்கும். மாட்டுக்கு ஏற்ற சூழலை விலை கொடுத்து உண்டாக்க முடிந்தவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பாலில் பெரும்பங்கை ஊற்றுவது இரண்டு மாடும் மூன்று மாடும் வைத்திருக்கும் வீடுகள்தான். அவர்களால் சூழலை மாற்ற முடியாது. சூழலுக்கு ஏற்ற மாட்டைத்தான் தேட வேண்டும். ஒரு மாடு செத்தால் நூற்றில் ஒன்று போனதாக எடுத்துக்கொள்ள அவர்களால் இயலாது. பாதிச் சொத்து போய்விடும், கடன் நிற்கும். சராசரி லாபம் சற்றுக் குறைந்தாலும் நட்டம் வரும் வாய்ப்பு குறைந்த மாடே ஏழைக்கு நல்ல மாடு.

கலப்பினத்தின் மேல் உள்ள நியாயமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு: அதன் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. திமில் சிறுத்து நுகத்தடி நிற்காது. வெயிலில் உழ முடியாது. டிராக்டர் வந்த பிறகு உழவும் இல்லை. பால் குடித்த செலவைக்கூட மீட்க முடியாமல் அடிமாட்டுக்குப் போகிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பெண் கன்றே பிறக்க வாய்ப்புள்ள, பாலினம் பிரித்த உறைவிந்து இப்போது கிடைக்கிறது. விலை அதிகம், சினை பிடிப்பு சற்றுக் குறைவு. கிடேரிகளுக்கும் முதல் இரண்டு ஈத்து மாடுகளுக்கும் அளந்து பயன்படுத்தினால் அடுத்த தலைமுறைக் கறவை வீட்டிலேயே கிடைக்கும். சந்தைக்குப் போய் வெளியூர் மாடு வாங்கும் தேவையும் குறையும்.

கலப்பினத்தைக் கெடுப்பது வேறொன்று: ரத்தம் எவ்வளவு என்பதே தெரியாமல் போவது. ஊர் மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டால் பிறப்பது பாதி. அதன் மகளுக்கு மறுபடி தூய ஜெர்சி போட்டால் முக்கால். அதன் மகளுக்கு ஹெச்.எஃப். போட்டால் எட்டில் ஏழு சீமை ரத்தம். மூன்றே தலைமுறையில், யாரும் இறக்குமதி செய்யாமலே, தூய சீமை மாட்டுக்கு வெகு அருகில் வந்துவிடுகிறோம். அதன் எல்லா நோவுகளோடும். இதைத் தடுக்க வேண்டிய தகவல் ஒவ்வொரு ஊசியின்போதும் கைக்கு வருகிறது. கால் மில்லி அளவுள்ள உறைவிந்துக் குச்சி ஒவ்வொன்றின் மேலும் காளையின் எண்ணும் இனமும் தேதியும் அச்சிட்டிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் உருக்கி, துடைத்து, நுனியை வெட்டி, ஊசி போட்டதும் அந்தக் குச்சி சாணிக்குழிக்குப் போகிறது. அதோடு கன்றின் அப்பன் யார் என்ற செய்தியும் போகிறது. காதில் பன்னிரண்டு இலக்க எண் உள்ள மஞ்சள் தோடு போடுகிறோம். அந்த எண்ணுக்கு எதிரே அப்பன் பெயரும் மகளின் பாலும் எழுதப்படாவிட்டால், அது வெறும் அடையாள வில்லைதான். இஸ்ரேலும் பிரேசிலும் செய்ததில் நம்மால் முடியாதது எதுவும் இல்லை. மகளின் பாலை அளந்து தகப்பனைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். உள்ளூரில் பிறந்துவிட்டதாலேயே ஒரு மாடு உள்ளூருக்கு ஏற்றதாகிவிடாது. இங்கே அளந்து இங்கே தேர்ந்தால்தான் ஆகும்.

ஆகவே மாடு வாங்குபவருக்கும் வளர்ப்பவருக்கும் சொல்ல வேண்டியது இதுதான். மாடு வாங்கத்தான் வேண்டும் என்றால் முப்பது கிலோமீட்டருக்குள், உங்கள் ஊர்த் தண்ணீரும் உண்ணியும் உள்ள இடத்தில் வாங்குங்கள். முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் மடியைத் தேக்கிவைத்துக் காலையில் காட்டுவது பழைய வித்தை. அடுத்தடுத்து மூன்று வேளை எதிரே நின்று கறக்கச் சொல்லுங்கள். எத்தனை லிட்டர் என்று கேட்ட பிறகு, எத்தனையாவது ஈத்து, போன கன்றுக்கும் இந்தக் கன்றுக்கும் எத்தனை மாதம், எத்தனை ஊசியில் சினை நின்றது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் பேரம் பேசாதீர்கள். வீட்டில் இருக்கும் கலப்பினம் ஏற்கெனவே முக்கால் ரத்தத்தைத் தாண்டியிருந்தால், மறுபடி தூய சீமை விந்து போடச் சொல்லி எங்களை வற்புறுத்தாதீர்கள். கலப்பினக் காளை விந்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறை சினை ஊசி போட்டதும் அந்தக் குச்சியை வாங்கி, அதில் உள்ள எண்ணைப் பால் அட்டையில் எழுதி வையுங்கள். உங்கள் பேரன் காலத்து மாடு நன்றாகக் கறக்குமா என்பதை அந்த ஓர் எண்தான் சொல்லும்.